மலையகத்தில் ரோட் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? உடுப்புக்கு எங்கே, எவ்வளவு செலவழிப்பது

ரோட் சைக்கிள் ஒன்று கைக்கு வந்துவிட்டது. புதிதோ, கொழும்பில் யாரோ ஓட்டி விற்றதோ, அது வேறு கதை. எதைப் போட்டுக்கொண்டு அதில் ஏறுவது என்று இணையத்தில் தேடினால் ஐரோப்பியக் குளிருக்கு எழுதிய பட்டியல் வரும், இல்லாவிட்டால் சமவெளி வெயிலுக்கு எழுதியது வரும். ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ ஓட்டுபவருக்கு இரண்டுமே பாதிதான் உதவும். இங்கே ஏற்றத்தில் சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஒழுகும். அந்த ஈரச் சட்டையோடேயே அடுத்த அரை மணி நேரத்தில் மூடுபனிக்குள் இறங்க வேண்டும்.

ஆளாளுக்குக் கேட்டு, கடை கடையாக ஏறி இறங்கித்தான் நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். காசு போட வேண்டிய சாமான் இரண்டே இரண்டு: சீட்டில் உட்காரும் இடத்துக்கு ஒன்று, இறக்கத்துக் காற்றுக்கு ஒன்று. ஹெல்மட் போக, மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்தும் சின்னச் செலவோடும் சமாளிக்கலாம். கீழே உள்ள விலைகள் நான் கடைகளில் கேட்டவை. டவுனுக்கு டவுன், மாதத்துக்கு மாதம் மாறும், ஆனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

1. கடைக்குப் போகுமுன் உங்கள் பாதையைப் பாருங்கள்

உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, கம்பளை ஏறத்தாழ 500 மீற்றரில். இறம்பொடை வழியாக இறங்கினால் ஒரே காலையில் 9 பாகை வித்தியாசத்தைக் கடக்கிறீர்கள். நுவரெலியாவில் சரியாக இருந்த உடுப்பு புசல்லாவையைத் தாண்டும்போது பாரமாகிவிடும். ஆகவே தடித்த ஒன்றைவிட, கழற்றிச் சுருட்டிப் பொக்கட்டில் வைக்கக்கூடிய மெல்லிய இரண்டு நல்லது.

மழைக் கணக்கும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் விடாமல் கொட்டும். அதே நாட்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வானம் வெளுத்திருக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை கதை மாறி பதுளை, பசறைப் பக்கம் நனையும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் துகள் உறைபனியே படியும். ஒக்டோபர், நவம்பரில் எங்கே இருந்தாலும் பின்னேரம் இடியும் மழையும்தான்.

பண்டாரவளைக்காரர் காற்றுக்குச் செலவழியுங்கள். ஹட்டன்காரர் மழைக்கும், காயாத உடுப்புக்கு மாற்றாக இன்னொரு சோடிக்கும் செலவழியுங்கள்.

2. முதல் காசு: பேட் வைத்த ஷோர்ட்ஸ்

சீட் மெத்தென்று இல்லையே என்று அதற்கு ஜெல் உறை வாங்க ஓடாதீர்கள். அந்த உறை நழுவும், தொடையில் உரசும், மழையில் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்கும். மெத்தை உங்கள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். அதற்குத்தான் பேட் வைத்த ஷோர்ட்ஸ்.

இதில் மூன்று வகை உண்டு. இடுப்பில் இலாஸ்டிக் வைத்த இறுக்கமான ஷோர்ட்ஸ் ஒன்று. தோளில் பட்டியோடு வருவது இன்னொன்று: வயிற்றை அழுத்தாது, குனிந்தாலும் கீழிறங்காது, ஆனால் விலை கூட, வழியில் ஒதுங்க வேண்டி வந்தால் மேல் சட்டை முழுவதையும் கழற்ற வேண்டும். மூன்றாவது, உள்ளே போடும் மெல்லிய வலைத்துணி ஷோர்ட்ஸ், பேட் மட்டும் தைத்தது. அதன் மேல் உங்கள் சாதாரண ஷோர்ட்ஸைப் போட்டுக்கொள்ளலாம். புதியவருக்கு நான் சொல்வது மூன்றாவதைத்தான். விலை 2,500 முதல் 3,500 ரூபாய்க்குள் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன்: தொடையோடு ஒட்டிய லைக்ராவைப் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் போய்த் தேத்தண்ணிக் கடையில் இறங்கினால், பிளேன்டீ வருமுன் பத்துப் பேர் பார்த்துவிடுவார்கள். அது பழகிப்போகும், உண்மைதான். பழகும்வரை மேலே ஒரு ஷோர்ட்ஸ் இருப்பது நிம்மதி.

வாங்கும்போது இப்படிப் பாருங்கள்.

பேட்டை விரலால் அழுத்துங்கள். உடனே தட்டையாகி அடியில் உங்கள் விரலே தட்டுப்பட்டால் அது வெறும் பஞ்சு, முதல் ஏற்றத்திலேயே செத்துவிடும். கொஞ்சம் எதிர்த்து மெதுவாக மேலே வர வேண்டும். தடிப்பாக இருப்பது நல்ல பேட் என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறித் தடித்தது தொடைக்கிடையே மடிந்து உரசும்.

அடுத்தது தையல். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பல வருடம் கார்மெண்ட்ஸில் வேலை செய்த சித்தி. கடையில் வைத்தே ஷோர்ட்ஸை வாங்கி, "உள்பக்கம் பொரட்டு தம்பி, வெளிய பாத்து என்ன செய்யப் போற?" என்றார். உள்ளே தையல் மேடாக, விளிம்பு எழும்பி நின்றால் அது ஓவர்லொக். சாதாரண உடுப்புக்குச் சரி, தொடையில் மணிக்கணக்கில் உரச அது சரிவராது. தையல் தட்டையாக, இரண்டு துணியும் ஒரே மட்டத்தில் படுத்திருந்தால் ஃப்ளட்லொக். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் வித்தியாசம் தெரியும். பேட்டைச் சுற்றியுள்ள தையலைக் கட்டாயம் அப்படித் தடவிப் பாருங்கள். நம் டவுன்களில் கார்மெண்ட்ஸில் வேலை செய்த ஒருவர் இல்லாத வீடு குறைவு. முடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கடைக்காரரும் கதையளக்க மாட்டார்.

மூன்றாவது, நின்றபடி போட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் குனிந்து பாருங்கள். பின்னால் இடுப்பு வெளியே தெரியக் கூடாது, பேட் உட்காரும் எலும்புகளுக்கு நேரே இருக்க வேண்டும். நிற்கும்போது அது கொஞ்சம் பின்தள்ளி, அசிங்கமாகத்தான் தெரியும், பரவாயில்லை. பெண்களுக்கென்று தைத்ததில் பேட் பின்பக்கம் அகலமாக இருக்கும், அமைப்பும் வேறு. "எல்லாம் ஒன்றுதான் தங்கச்சி" என்று ஆண்கள் அளவைத் தலையில் கட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

புதியவர் எல்லோரும் கேட்கக் கூச்சப்படும் விஷயம் ஒன்று: பேட் ஷோர்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. ஜட்டியின் தையல் உரசித் தோலைப் புண்ணாக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். பேட் தோலோடு படத்தான் செய்யப்பட்டிருக்கிறது. வெட்கம் பார்த்தால் புண்தான் மிச்சம்.

உரசும் இடத்தில் பூச வெளிநாட்டுக் கிறீம் தேடி அலைய வேண்டாம். தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் அது 24 பாகைக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், நுவரெலியாவில் தலைக்கு எண்ணெய் வைப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் இரவே கொஞ்சம் வாயகன்ற டப்பியில் ஊற்றி வையுங்கள், காலையில் கிறீமாகவே வழித்தெடுக்கலாம். வெசிலினும் வேலை செய்யும், ஆனால் பேட்டிலிருந்து கழுவிப் போக்குவது பெரும்பாடு.

3. மேலுக்கு: டூர்னமென்ட் டீ-சேர்ட்டே போதும்

பருத்தி டீ-சேர்ட்டை வீட்டிலேயே விடுங்கள். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது. ஏற்றத்தில் பாரம், இறக்கத்தில் நெஞ்சின் மேல் ஈரத்துணி. தேவை பொலியெஸ்டர், அதுவும் மெல்லியது.

அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் சொஃப்ட்போல் கிரிக்கெட் டூர்னமென்டுக்கு அச்சடிக்கும் டீ-சேர்ட், முதுகில் பெயரும் நம்பரும் போட்டது, அது பொலியெஸ்டர்தான். குறை இரண்டு: பின்பக்கம் குட்டை, பொக்கட் இல்லை. இரண்டையும் டவுன் தையல்காரர் சரிசெய்வார். பின்னால் கீழ் முதுகில் பக்கத்துக்குப் பக்கமாக மூன்று பொக்கட், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் ஆழம், வாயில் இலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இலாஸ்டிக் இல்லாவிட்டால் முதல் குழியிலேயே போன் வெளியே குதிக்கும். வலைத்துணியில் தைத்தால் மழைத்தண்ணீர் தேங்காது. கூலி 400, 500 ரூபாய்க்குள் முடியும். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய மாதத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். சட்டைத் துணி மலைபோல் குவிந்திருக்கும் நேரத்தில் உங்கள் பொக்கட்டை யார் பார்ப்பார்?

காசு சேர்ந்த பிறகு சைக்கிள் ஜேர்சி வாங்குவதானால் முழு நீள ஸிப் உள்ளதை வாங்குங்கள். ஏற்றத்தில் திறந்துவிட்டு, உச்சியில் கழுத்துவரை இழுத்து மூடலாம். அரை ஸிப் 500 ரூபாய் மலிவாக இருக்கும், மலைக்கு அது பிரயோசனமில்லை.

கைக்கு வெயிலுக்குப் போடும் நீள உறை ஒரு சோடி 400 முதல் 600 ரூபாய். இதை அலங்காரச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். உயரம் கூடக் கூட வெயிலின் புறவூதாக் கதிர் கூடும், குளிராக இருப்பதால் தோல் எரிவதே தெரியாது. காலையில் குளிருக்கும், பதினொரு மணிக்கு வெயிலுக்கும் அதே உறைதான். கழற்றினால் ஒரு பொக்கட்டின் மூலையில் அடங்கும்.

4. இரண்டாவது காசு: காற்றை நிறுத்தும் ஜெக்கட்

இந்தச் சாமானைத்தான் புதியவர்கள் கடைசியாக வாங்குகிறார்கள். மலையில் முதலாவதுக்கு அடுத்தது இதுதான்.

10 பாகைக் குளிரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால் திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறத்தாழ 6 பாகைபோல் இருக்கும். சட்டை வேர்வையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம். இது சும்மா சௌகரியப் பிரச்சினை இல்லை. உடம்பு நடுங்கினால் ஹேண்டிலும் நடுங்கும், விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க நேரமாகும். எதிர்ப்பக்க வளைவில் பஸ் வரும்போது அந்த நேரம் உங்களிடம் இருக்காது.

தேவை தடித்த ஜெக்கட் இல்லை. நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாக்காரர் வாங்கும் பஞ்சு அடைத்த ஜெக்கட்டோ கம்பளி ஸ்வெட்டரோ சைக்கிளுக்கு ஆகாது. ஒன்று பொக்கட்டில் அடங்காது, மற்றதில் காற்று நேரே புகுந்து போகும். மெல்லிய, பாரமற்ற, கைப்பிடிக்குள் சுருளும் விண்ட்பிரேக்கர்தான் வேண்டும். கையில்லாத வகை கிடைத்தால் அதுவும் நல்லது: நெஞ்சைக் காக்கும், அக்குளில் வேர்க்காது.

நுவரெலியா டவுனில் உள்ள பேல் பஸார் இதற்கென்றே படைத்த இடம். ஏற்றுமதி மிச்சம், லேபல் வெட்டியவை, சின்னப் பழுதுள்ளவை எல்லாம் குவியலாகக் கிடக்கும். 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்ல சாமான் எடுக்கலாம். அங்கே ஒரு சோதனை செய்யுங்கள். துணியை உதட்டோடு சேர்த்துப் பிடித்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து ஊதுங்கள். உள்ளங்கையில் காற்று பட்டால் வைத்துவிடுங்கள். "அண்ணே, இது காத்து புகாதுதானே?" என்று கேட்டால் "புகவே புகாது தம்பி" என்றுதான் எந்த அண்ணனும் சொல்வார். ஊதிப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஸிப்பை ஒரு கையால் மட்டும் இழுத்துப் பாருங்கள், ஓடும்போது இன்னொரு கை ஹேண்டிலில் இருக்கும். கை நீளத்தைக் கையை முன்னே நீட்டிப் பாருங்கள், மணிக்கட்டு மூட வேண்டும். தொப்பி வைத்த ஜெக்கட் என்றால் தொப்பியை வெட்டி விளிம்பு தைத்துவிடுங்கள், அது காற்றைப் பிடித்துக் கழுத்தைப் பின்னால் இழுக்கும். நிறம் எலுமிச்சை மஞ்சள், செம்மஞ்சள், பளிச் சிவப்பு. கறுப்பும் சாம்பலும் ஸ்டைலாக இருக்கும், மூடுபனியில் லொறிக்காரருக்குத் தெரியாது.

ஜெக்கட் வாங்கும்வரை பழைய பேப்பர் போதும். கேலியில்லை, பெரிய போட்டிகளில் ஓடுபவர்களே காலங்காலமாகச் செய்துவந்தது. உச்சியில் நின்று, ஒரு முழுப் பத்திரிகையை நான்காக மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக் கடையில் கேட்டால் வடை சுற்றும் பேப்பரில் நாலு தாள் தருவார்கள். எண்ணெய் படாத தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

உச்சிக்கு வந்ததும் நிறுத்தாமல் இறங்கும் ஆசை வரும். வேண்டாம். இரண்டு நிமிடம் நின்று, வேர்வையைத் துடைத்து, ஜெக்கட் போட்டு ஸிப் மூடி இறங்குங்கள். பாதி இறக்கத்தில் நின்று போட நினைத்தால் அதற்குள் குளிர் உள்ளே போயிருக்கும்.

5. மழைக்கு

நனையாமல் ஓட வழியே இல்லை. நீர்புகாத ஜெக்கட் போட்டு ஏறினால் வெளியே மழை, உள்ளே வேர்வை. நனைந்தாலும் சூடாக இருப்பதுதான் குறி. ஆகவே ஏற்றத்தில் நனைந்துகொண்டே ஏறுங்கள், ஜெக்கட்டை நனையாமல் வைத்திருந்து இறக்கத்தில் போடுங்கள். அதைச் சுற்றி வைக்க ஒரு ஷொப்பிங் பேக், போனுக்கு இன்னொன்று.

போன்சோ எனப்படும் போர்வை மழைக்கோட்டு சைக்கிளுக்கு ஆபத்து. வளைவில் காற்று அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும், நுனி சில்லில் சிக்கும். மோட்டார் சைக்கிள் ரெயின்கோட்டும் அப்படித்தான் படபடக்கும்.

கை விரலுக்குப் பார்மசியில் விற்கும் மெல்லிய ரப்பர் கையுறையைச் சாதாரணக் கையுறைக்கு உள்ளே போடுங்கள். பார்க்க டொக்டர்போல இருக்கும், விரல் விறைக்காது. ஒக்டோபர், நவம்பரில் ஆறு மணிக்குப் புறப்பட்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இடி இடிக்கும்போது தேயிலை மலை நடுவே ஒதுங்க இடமிருக்காது, இருக்கிற மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது.

ஈரக் காலத்தில் புல்லோரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும்போது அட்டை ஏறும். கணுக்காலுக்கு மேலே ஏறும் நீள சொக்ஸ் போட்டு, நின்ற ஒவ்வொரு முறையும் சப்பாத்தை ஒரு பார்வை பாருங்கள். சொக்ஸில் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது.

6. கால், கை, கண், தலை

சப்பாத்து: அடி விறைப்பாக இருந்தால் போதும். பெடலில் பூட்டிக்கொள்ளும் சப்பாத்துக்கு இப்போது அவசரமில்லை. பாட்டா, டிஎஸ்ஐ கடைகளில் கிடைக்கும் கன்வஸ் சப்பாத்து ஓடத் தொடங்கப் போதும். நுனியைக் கையால் மடித்துப் பாருங்கள், செருப்புபோல் மடங்கினால் பாதம் வலிக்கும். லேஸை வலது காலில் உள்ளே செருகுங்கள், செயின் அந்தப் பக்கம்தான். அதே காரணத்துக்காகத் தொளதொள கால்சட்டை, சுடிதார் ஷோல், நீளப் பாவாடை எதுவும் வேண்டாம். காலை மூட விரும்பும் பெண்கள் லெகின்ஸைப் பேட் ஷோர்ட்ஸுக்கு மேல் போடலாம், நீளமான டீ-சேர்ட்டோடு அது சரியாக அமையும்.

கையுறை 1,000 முதல் 1,500 ரூபாய். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்தபடியே வரும் கைக்குத் தேவை. விழுந்தால் முதலில் ஊன்றுவதும் உள்ளங்கைதான். போட்டுக்கொண்டு முஷ்டி மடக்கிப் பாருங்கள், உள்ளங்கையில் துணி மடிந்து சேர்ந்தால் அளவு பெரிது.

கண்ணுக்கு ஹார்ட்வெயார் கடையில் விற்கும் நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி, 500 ரூபாய்க்குள். மூடுபனியில் கறுப்புக் கண்ணாடி குருட்டுத்தனம். அதே கடையில் வீதி வேலைக்காரர் போடும் ஒளிதெறிக்கும் மேலங்கி 400 முதல் 600 ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று எடுங்கள். ஒளிதெறிக்கும் பட்டி மட்டும் கிடைத்தால் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைச் சாரதியின் கண் சீக்கிரம் பிடிக்கும்.

ஹெல்மட் மட்டும் புதியதாக வாங்குங்கள், அதுவும் உள்ளே ஈ.என். 1078 என்ற தர அடையாளம் உள்ளதாக. குவியலில் கிடக்கும் பழைய ஹெல்மட் ஒருமுறை விழுந்ததா இல்லையா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

7. எங்கே வாங்குவது, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்

ஜெக்கட், மேல் ஷோர்ட்ஸ், சொக்ஸ் எல்லாம் பேல் பஸாரிலும் டவுன் பேவ்மன்ட்டிலும் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும், தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரமும் கூட்டம் அலைமோதும், போட்டுப் பார்க்க யாரும் விட மாட்டார்கள். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், விலை சுற்றுலாக்காரருக்கானது. வார நாளில், காலை பத்து மணிபோல் போங்கள்.

பேட் ஷோர்ட்ஸ் நம் டவுன்களில் அரிது. கண்டியிலோ கொழும்பிலோ சைக்கிள் கடைக்குப் போகும் வேலை இருந்தால் நேரில் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் இணையத்தில்தான். அங்கே மூன்று பொறி இருக்கிறது.

ஒன்று, அளவு. எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இடுப்பு, தொடை, நெஞ்சு மூன்றையும் நாடாவால் சென்ரிமீற்றரில் அளந்து, விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சீனாவில் தைத்தவை பெரும்பாலும் ஓரிரு அளவு சிறிது. எல் போடுபவருக்குச் சிலவேளை இரண்டு எக்ஸ் எல் தேவைப்படும்.

இரண்டு, திருப்பிக் கொடுப்பது. உள் உடுப்பு என்று காரணம் காட்டிப் பேட் ஷோர்ட்ஸை மாற்றித்தர மறுக்கும் கடைகள் உண்டு. எனக்கும் அப்படி ஒரு கடையோடு வாரக்கணக்கில் இழுபறி நடந்தது. ஓடர் போடுமுன் "அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா, கூரியர் செலவு யாருடையது?" என்று எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைப் படம்பிடித்து வையுங்கள். பொருள் வந்ததும் லேபலை வெட்டாமல், ஜட்டிக்கு மேலேயே போட்டுப் பாருங்கள் (இந்த ஒரு தடவை மட்டும்).

மூன்று, வெளிநாட்டிலிருந்து நேரே தருவித்தால் திரையில் தெரியும் விலை கடைசி விலை இல்லை. சுங்க வரியும் கையாளும் கட்டணமும் மேலே ஏறும். ஓடரின் விலைச்சீட்டு, காசு கட்டிய ஆதாரம், அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். பார்சல் வந்ததாகத் தபாற் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தால் அவைதான் கேட்கப்படும். வாரக்கணக்கில் தாமதமாகலாம், ஆகவே ஏதாவது ஓட்ட நாளைக் குறிவைத்துக் கடைசி நேரத்தில் ஓடர் போடாதீர்கள்.

உள்ளூர்க் கடையில் எவ்வளவு சின்னச் சாமானானாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கொடுக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் அந்த அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பேவ்மன்ட் அண்ணனிடம் பற்றுச்சீட்டு எதிர்பார்க்க முடியாது, அங்கே உங்கள் கண்ணும் விரலும்தான் பற்றுச்சீட்டு.

உடுப்போடு எப்போதும் போகவேண்டிய காகிதமும் உண்டு. அடையாள அட்டைப் பிரதியின் பின்புறம் இரத்த வகையும் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் எழுதி, பொலித்தீனில் சுற்றி நடுப் பொக்கட்டில் வையுங்கள். போன் பூட்டியிருந்தால் உதவிக்கு வருபவருக்கு அதுதான் வழி. இலவச அம்பியூலன்ஸ் 1990 என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

8. செலவும் வரிசையும்

பேட் உள் ஷோர்ட்ஸ், மேலே ஒரு ஷோர்ட்ஸ் (பேல் பஸாரில் 800 முதல் 1,200), விண்ட்பிரேக்கர், கை உறை, கையுறை, ஒளிதெறிக்கும் மேலங்கி, கண்ணாடி, தையல் கூலி. கூட்டினால் 7,500 முதல் 11,000 ரூபாய் வரும், ஹெல்மட் வேறு. நம் வருமானத்துக்கு இது சின்னத் தொகை இல்லை, ஒரே நாளில் போட வேண்டியதும் இல்லை. ஹெல்மட்டும் பேட் ஷோர்ட்ஸும் முதல் மாதம். விண்ட்பிரேக்கரும் மேலங்கியும் அடுத்த மாதம். அதுவரை நீண்ட இறக்கம் உள்ள பாதைக்குப் போகாமல், வீட்டுப் பக்கத்தில் மேடு பள்ளமான குட்டைப் பாதையில் ஓடுங்கள். மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முழுத் தொகுப்பும் 5,000 ரூபாய் என்று ஜேர்சியும் ஷோர்ட்ஸும் சேர்த்து விற்பார்கள். அதில் ஜேர்சியின் படத்துக்குத்தான் காசு, பேட்டைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

9. கழுவி, காயவைத்து

பேட் ஷோர்ட்ஸை ஓடி வந்த அன்றே கழுவுங்கள். ஈரத்தோடு மூலையில் போட்டுவைத்து மறுபடி போட்டால் தொடையில் கொப்புளம் வரும், வந்தால் ஓடாமல் இருப்பதுதான் மருந்து. உள்பக்கம் வெளியே புரட்டி, குளிர்ந்த தண்ணீரில், கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கையால் கசக்குங்கள். வாசனைக்கு ஊற்றும் மென்மையாக்கி வேண்டாம், அது பேட் வேர்வை இழுப்பதைக் கெடுக்கும். ஜெக்கட்டின் நீர்விலக்கும் பூச்சையும் கெடுக்கும்.

பேட்டை முறுக்கிப் பிழிந்தால் உள்ளே பஞ்சு உடையும். காய்ந்த துவாயின் மேல் விரித்து, துவாயோடு பாய்போலச் சுருட்டி, அதன் மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். பாதி ஈரம் துவாய்க்குப் போய்விடும். ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் கொடியில் போட்டது இரண்டு நாளானாலும் சில்லென்றுதான் இருக்கும். அதனால்தான் மழைப்பக்கம் இருப்பவர் ஜேர்சிக்கு முன் இரண்டாவது பேட் ஷோர்ட்ஸ் வாங்க வேண்டும்.

அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். சூட்டில் இலாஸ்டிக் செத்துவிடும், புகை வாடையும் போகாது. காற்றோட்டமான இறவாணத்தில், பேட் வெளியே பார்த்தபடி, இடுப்புப் பக்கம் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில் வந்தாலும் நேர் வெயில் வேண்டாம். இலாஸ்டிக் தளர்ந்து ஷோர்ட்ஸ் தொடையில் மேலேறத் தொடங்கினாலோ, பேட்டை அழுத்தினால் விரல் தட்டுப்பட்டாலோ அடுத்ததற்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.